நேரலையில் சூதாட்டம் காட்டியவர்கள் செய்ய வேண்டியவை

கைப்பேசியில் ஸ்லாட் விளையாட்டை, அதாவது பணம் வைத்துப் படச் சக்கரங்களைச் சுழற்றும் சூதாட்டத்தை, நேரலையாகக் காட்டிப் பணம் ஈட்டுபவர்களுக்காகவும், அப்படிக் காட்டும்படி அழைப்பு வந்து யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் சில ஆண்டுகளாக இளைஞர்களுக்கு நேரலைக்கான ஒலி, ஒளி அமைப்பைச் சொல்லித் தருகிறேன். என்னிடம் கற்றவர்களில் இருவர் கடைசியில் அந்த விளையாட்டுகளின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதால், இதை எழுதும் கடமையில் எனக்கும் பங்கு உண்டு. 'பொறுப்போடு விளையாடுங்கள்' என்று திரையின் ஓரத்தில் ஒரு வரியை ஓடவிட்டால் தங்கள் பொறுப்பு தீர்ந்தது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. மூன்று மணி நேரம் திரையில் நடப்பதைத்தான் பார்வையாளர் படிக்கிறார்.

தோட்டப்புறத்து ஊரில் நேரலை செய்பவருக்கு ஒரு தனிக் கடமை வந்து சேருகிறது. கோலாலம்பூரில் இருப்பவரை அவருடைய பார்வையாளர்கள் தெருவில் சந்திப்பதில்லை. இங்கோ உங்கள் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவரின் மகன்தான் உங்கள் நேரலையைப் பார்க்கிறான். 'நம்ம அண்ணன் காட்டுகிறார், ஏமாற்று வேலையாக இருக்காது' என்று அவன் எண்ணுவது விளம்பரத்தை நம்பியல்ல, உங்களை நம்பித்தான்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும், அதே ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும் இன்றும் நடப்பில் உள்ளன. உரிமம் பெற்ற ஒரே கேசினோ கெந்திங் மலையில் இருக்கிறது. 21 வயது நிரம்பாதவர் அதற்குள் நுழைய முடியாது. இணையக் கேசினோ எதற்கும் இந்த நாட்டில் உரிமம் இல்லை. ஆகவே 'இது வெளிநாட்டில் பதிவான நிறுவனம், சட்டச் சிக்கல் வராது' என்று உங்களை அழைக்கும் சூதாட்ட ஏஜெண்ட் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். நேரலைத் தளங்களும் தங்கள் விதிகளை இறுக்கியுள்ளன. 2022 அக்டோபரில் டிவிட்ச் என்ற நேரலைத் தளம், போதிய பயனர் பாதுகாப்புள்ள நாடுகளில் உரிமம் பெறாத ஸ்லாட், ரூலெட், பகடைத் தளங்களைக் காட்டக் கூடாது என்று தடுத்தது. 2025 மார்ச்சில் யூடியூப், கூகுள் அங்கீகரிக்காத சூதாட்டத் தளங்களுக்குப் பார்வையாளரை இணைப்பாலோ, சின்னத்தாலோ, வாய்ச்சொல்லாலோ அனுப்பக் கூடாது என்று விதித்தது. இணைப்பைப் போடாமல் பெயரை மட்டும் சொன்னால் தப்பலாம் என்ற பழைய தந்திரம் அங்கே இனிச் செல்லாது.

இந்தச் செய்திகளை வைத்துப் பார்த்தால் என் முடிவு ஒன்றுதான்: அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் விலகும்போது என்ன செய்ய வேண்டும், விலகும்வரை எதை மறைக்கக் கூடாது என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். திரையில் தெரியும் கிரெடிட் (விளையாடுவதற்கான இருப்பு) யாருடைய பணம்? அதை நீங்கள் 'சூச்சி' செய்து, அதாவது ரொக்கமாக மாற்றி, வங்கிக் கணக்கில் எடுக்க முடியுமா? உங்களுக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது? விளம்பரதாரர் ஏற்றிவிட்ட கிரெடிட்டில் விளையாடுபவர் ஒரு சுற்றுக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வைத்துச் சிரித்துக்கொண்டே தோற்க முடியும். பார்க்கும் பையன் அந்தச் சிரிப்பைத் துணிச்சல் என்று நினைத்துக்கொள்கிறான். மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் கசப்பானது. பரிந்துரைக் குறியீட்டின் (உங்கள் வழியாகச் சேர்பவர்கள் பதிவில் இடும் குறியீடு) வழியாகக் கூலி தரும் ஒப்பந்தங்களில் ஒரு வகை, உங்கள் குறியீட்டில் சேர்ந்தவர்கள் தோற்ற தொகையில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறது. உங்கள் பார்வையாளர் எவ்வளவு தோற்கிறாரோ அவ்வளவுக்கு உங்கள் கை நிறையும். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு சூதாட்ட அடிமைத்தனத்தைப் பற்றி எச்சரிப்பது, கள்ளுக் கடைக்காரர் வாசலில் நின்று மதுவிலக்குப் பேசுவதற்கு ஒப்பாகும். அடுத்த நேரலையின் தொடக்கத்திலேயே இந்த மூன்று விடைகளையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் தடுத்தால், விலகுவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பாட்டன்மார் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. இன்று ஏஜெண்டுகள் 'பத்து வெள்ளியிலேயே தொடங்கலாம்' என்று கூவுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து வெள்ளி நினைவுக்கு வருகிறது.

அடுத்து, திரையில் எதைக் காட்டுகிறோம் என்பது. வெற்றியை மட்டும் வெட்டியெடுத்து முப்பது வினாடிக் காட்சியாகப் போடும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்டவற்றை நீக்குங்கள். அந்த முப்பது வினாடிக்கு முன்னால் போன நான்கு மணி நேரம் பார்ப்பவருக்குத் தெரியாது. நேரலை முழுவதும் திரையின் மேற்பகுதியில் உள்ளே போன தொகை, வெளியே வந்த தொகை, கழிந்த நேரம் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள். ஒரு விளையாட்டு, வைத்த பணத்தில் சராசரியாக 96 விழுக்காட்டைத் திருப்பித் தருவதாக விளம்பரப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் காதில் அது நல்ல எண்ணாகவே விழும். சுற்றுக்கு 2 வெள்ளி, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 600 சுற்றுகள், 1,200 வெள்ளி சக்கரத்தில் சுழன்றிருக்கும். அதில் நான்கு விழுக்காடு, அதாவது சராசரியாக 48 வெள்ளி, போய்விடும். 2025இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்குச் சற்றுக் கூடுதல். ஒன்றரை மணி நேரம் முடிவதற்குள் ஒரு நாள் உழைப்பு கரைகிறது. அந்த 96 விழுக்காடு உண்மைதானா என்று உரிமமில்லாத செயலியில் சோதித்துப் பார்க்கும் அதிகாரியும் இல்லை என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

விளையாட்டு மனத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதையும் காட்டி விளக்கலாம். இரண்டு படங்கள் ஒன்றாக நின்று மூன்றாவது மயிரிழையில் தவறும்போது நீங்கள் 'ஐயோ, கிட்ட வந்துட்டுச்சு' என்று கத்துவீர்கள் அல்லவா? அந்தக் கத்தலைத்தான் விட வேண்டும். இவ்வாறு 'கிட்ட வந்த' தோல்விகள் வெற்றிக்கு இயங்கும் அதே மூளைப் பகுதிகளைத் தூண்டுவதை 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தோல்வி தோல்விதான், அடுத்த சுற்றுக்கு அது எந்த அறிகுறியும் அல்ல. 2 வெள்ளி வைத்து 80 சென் திரும்பும்போதும் இயந்திரம் மணியடித்து விளக்குப் போடும். அப்போது ஒலியைக் குறைத்து, '1 வெள்ளி 20 சென் போனது' என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். விளம்பரதாரர் உங்களோடு எவ்வளவு காலம் இருப்பார் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

சம்பள நாள் இரவிலும் முன்பணம் கொடுக்கும் இரவிலும் நேரலை வைக்காதீர்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசும்போது சொற்களில் கவனம் தேவை. 'புத்தி கெட்டவன்', 'சூதாடிப் பயல்' போன்றவை பாதிக்கப்பட்டவரை மேலும் ஒளியச் செய்யும். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்து ஒரு நோயாகவே வகைப்படுத்தியது. அதில் ஒன்பது அறிகுறிகள் உள்ளன. ஓராண்டுக்குள் நான்கு தென்பட்டால் நோய் என்று கொள்ளப்படும். பழைய கிளர்ச்சிக்காகத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்த முயன்றால் எரிச்சல் வருவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்புவது, வீட்டில் பொய் சொல்வது, கடன் அடைக்க அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது ஆகியவை அவற்றுள் சில. இவற்றைப் பட்டியலாக வாசிக்காமல், பார்வையாளர் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விகளாக ஒரு நேரலையில் இரண்டு, மூன்று என்று வையுங்கள். இது தனி மனிதரின் பலவீனம் மட்டுமே என்ற தொனி வந்துவிட்டால், அவரை அங்கே அழைத்துச் சென்ற உங்கள் பங்கு மறைந்துபோகும்.

எல்லாவற்றிலும் கடினமானது, நள்ளிரவில் உங்களுக்குத் தனியாக வரும் செய்தி. 'அண்ணே, சம்பளம் எல்லாம் போச்சு, வீட்டுல இன்னும் சொல்லல' என்று ஒருவர் எழுதுவார். அதை நேரலையில் வாசிக்காதீர்கள்; பெயரை மறைத்தாலும் சிற்றூரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அறிவுரைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: 'தம்பி, இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா?' உயிரை விடும் பேச்சு அவர் வாயில் வந்தால், 'சாகிற எண்ணம் வருதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. உடனடி ஆபத்து என்றால் 999. மனம் உடைந்தவர்களோடு பேசும் பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்பின் 03-7627 2929 என்ற எண் இரவு பகல் முழுவதும் இயங்குகிறது. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. இந்த எண்களை அறிவிக்கும் முன் நீங்களே ஒருமுறை அழைத்து, எந்த நேரத்தில் தமிழில் பேச ஆள் கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லுங்கள்; 'போலீஸ் பிடிச்சிடும்' என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாதவர்கள் இன்னும் உண்டு.

பரிதாபப்பட்டு அவருக்கு ரொக்கம் அனுப்ப வேண்டாம். விட்டதைப் பிடிக்கத் துடிப்பவர் கையில் போகும் ரொக்கம் பெரும்பாலும் அதே செயலிக்குத்தான் போகும். மின்கட்டணத்தைக் கட்டுங்கள், மளிகைக் கடையில் கணக்கைத் தீருங்கள். வங்கிச் செயலியில் ஒரு நாளில் பணம் அனுப்பும் வரம்பைக் குறைக்கவும், ஏஜெண்டின் வாட்ஸ்அப் எண்ணைத் தடுக்கவும், இலவசமாகக் கிடைக்கும் பெட்பிளாக்கர் போன்ற, சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் செயலியைப் போடவும் உடன் இருந்து உதவுங்கள். வங்கிக் கடன் முட்டிக்கொண்டிருந்தால், 2006இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், வாங்கிய கடன் வேறு வகை. உரிமம் பெற்ற வட்டிக்காரர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேல் கேட்டு மிரட்டுபவர் மீது குடும்பத்தோடு போய்ப் போலீஸ் புகார் செய்ய வேண்டும்.

உங்களையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் டிவிட்சில் ஒரு நேரலையாளர், தம் ரசிகர்களிடமும் சக நேரலையாளர்களிடமும் பொய்க் காரணம் சொல்லிக் கடன் வாங்கிச் சூதாடியதை ஒப்புக்கொண்டார். டிவிட்சின் தடை வந்தது அதன் பின்னர்தான். நேரலை இல்லாத இரவிலும் நீங்கள் அந்தச் செயலியைத் திறக்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன எண்கள் உங்களுக்கும் உரியவை.

விலகும் நாளில் சத்தமில்லாமல் மறையாதீர்கள். ஒரு கடைசி நேரலை வைத்து, எத்தனை பேர் உங்கள் குறியீட்டில் சேர்ந்தார்கள், உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்லுங்கள். குறியீட்டைச் செயலிழக்கச் செய்துவிட்டேன் என்பதைத் திரையிலேயே காட்டுங்கள். பழைய காணொளிகளின் கீழே உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, அந்த இடத்தில் உதவி எண்களைப் போடுங்கள். மாதம் ஒருமுறை அந்த எண்கள் மாறாமல் இயங்குகின்றனவா என்று அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.