ஷெல் ஸ்கிரிப்டை ட்ரேஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் சம்மாந்துறைப் பக்க நெல் ஆலைகளில் கணக்குப் பதிவு மளமளவென்று கூடும். மற்ற மாதங்களில் அமைதியாக ஓடிய இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் அப்போதுதான் விடியும்வரை இழுக்கும். "தம்பி, எங்க நிக்குது எண்டு பாருங்க" என்பார் முதலாளி. தம்பியும் எஸ்ட்ரேஸைப் போட்டுப் பார்ப்பார். ஒரு புரொகிராம் லினக்ஸின் மையமான கேர்னலிடம் கேட்கும் ஒவ்வொரு வேலையையும் (சிஸ்டம் கோல்) வரிவரியாகக் காட்டும் கருவி அது.

பெரும்பாலும், சைல்ட் புரொசஸ்களையும் பின்தொடரச் சொல்லும் மைனஸ் எஃப் ஒப்ஷனைப் போடாமல். அப்போது தெரிவது ஷெல் மட்டும்தான். கிரெப், டார், டேட் எல்லாம் ஷெல் கிளப்பிவிடும் சைல்ட் புரொசஸ்கள். அவை கண்ணில் படாது. திரையில் 'வெயிட்4(-1,' என்று ஒரு வரி பாதியில் நிற்கும். ஸ்கிரிப்ட் தொங்கிவிட்டது என்று அதைக் கொன்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தொங்கவில்லை, கிளப்பிவிட்ட வேலை முடியக் காத்திருக்கிறது. மைனஸ் எஃப் சேர்த்து, மைனஸ் ஓ போட்டுத் தனி பைலில் எழுதுங்கள். எந்தப் புரொசஸ் என்ன செய்தது என்று வரிக்கு வரி எண்ணோடு வரும்.

அடுத்தது நேரக் கணக்கு. எஸ்ட்ரேஸ், ஒரு புரொசஸ் இன்னொன்றைக் கண்காணிக்க விடும் கேர்னலின் பிட்ரேஸ் வசதியில் ஓடுவது. ஒவ்வொரு சிஸ்டம் கோலிலும் உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை புரொசஸை நிறுத்தும். அதனால் ஸ்கிரிப்ட் பல மடங்கு மெதுவாகும். ட்ரேஸில் வரும் நேரத்தை நிஜ நேரமாக எடுக்கக்கூடாது. பார்க்க வேண்டியது எண்ணிக்கையை. லூப்புக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் டேட்டையும் கிரெப்பையும் புதிதாகக் கூப்பிடுகிறதா? பதிவுகள் கூடும் மாதத்தில் ஸ்கிரிப்ட் இழுப்பதற்கு அது ஒன்றே போதும்.

'எக்ஸெக்விஈ (புதிய புரொகிராமைத் தொடங்கும் கோல்) மட்டும் காட்டு' என்று வடிகட்டினால் பளு குறையும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். குறைவது எழுதப்படும் வரிகள். நிறுத்தங்கள் அப்படியே இருக்கும். எஸ்ட்ரேஸ் 5.3இல் வந்த செக்கொம்ப்-பிபிஎஃப் ஒப்ஷனை மைனஸ் எஃப்போடு சேர்த்தால்தான் தேவையில்லாத கோல்களில் நிற்காமல் போகும். வேலை நடந்துகொண்டிருக்கும் சேர்வரில் நான், புதிதாகத் தொடங்கும் புரொகிராம்களைப் பட்டியலிடும் எக்ஸெக்ஸ்னூப்பைத்தான் விரும்புவேன். அது ஈபிபிஎஃப் (கேர்னலுக்குள் சிறு புரொகிராம்களை ஓட்டும் வசதி) வழியாகக் கேர்னலுக்குள்ளேயே பார்ப்பதால் பளு மிகக் குறைவு.

ஆனால் எக்ஸெக்ஸ்னூப் எல்லாவற்றையும் காட்டும் என்று எண்ணாதீர்கள். சிடி, எக்கோ, ரீட் போன்றவை ஷெல்லுக்குள்ளேயே முடிகிற வேலைகள். புதிய புரொகிராம் எதுவும் தொடங்குவதில்லை. பேக்கப் போல்டருக்குப் போகச் சொன்ன சிடி தோற்று, அப்புறம் வந்த ஆர்எம் வேறு இடத்தில் அழித்துவிட்டது என்று வையுங்கள். எக்ஸெக்ஸ்னூப்பில் ஆர்எம் மட்டும் இருக்கும், சிடியின் சுவடே இராது. இதற்கு, ஒவ்வொரு கொமாண்டையும் ஓட்டுமுன் எழுதிக் காட்டும் பாஷ் மைனஸ் எக்ஸ்தான் சரி. பாஷ் ஸ்கிரிப்டை 'எஸ்எச் மைனஸ் எக்ஸ்' என்று ஓட்டிவிடவும் வேண்டாம். உபுண்டுவில் எஸ்எச் என்பது டாஷ், வேறு ஷெல்.

கையால் ஓட்டினால் சரி, கிரொனில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓட்டினால் பிழை என்றால் கையால் ட்ரேஸ் செய்து பயனில்லை. கிரொன் கொடுக்கும் பாத் (கொமாண்டுகளைத் தேடும் போல்டர் பட்டியல்) மிகக் குறுகியது. கிரொன்டாப் வரியிலேயே மைனஸ் எக்ஸைப் போட்டு, ஸ்டாண்டர்ட் எரரை ஒரு பைலுக்குத் திருப்புங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கவலை தருவது அந்த பைல்தான். மைனஸ் எக்ஸ், வேரியபிள்களை விரித்து எழுதும். மைஎஸ்கியூஎல் பாஸ்வேர்ட் ஸ்கிரிப்டில் வேரியபிளாக இருந்து கொமாண்டோடு போனால், ட்ரேஸில் அப்படியே விழும். உதவி கேட்டு அதை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பாஸ்வேர்டை 600 அனுமதியுள்ள (உரியவர் மட்டும் படிக்க, எழுதக்கூடிய) தனி ஒப்ஷன் பைலுக்கு மாற்றுங்கள். எஸ்ட்ரேஸில் ரீட் கோல்களையும் பதிந்தால் அந்த பைலிலிருந்து படித்தவையும் ட்ரேஸில் தெரியக்கூடும், ஆகவே அனுப்புமுன் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் செய்தியை அழிப்பது போதாது, பாஸ்வேர்டை இன்றே மாற்ற வேண்டும்.