கபோஷான் கல் சாணை இயந்திரம்: வீட்டிலேயே கட்டும் முறை

அகேட், ஜாஸ்பர் போன்ற கற்களை அடி தட்டையாகவும் மேல்பக்கம் குமிழாகவும் தேய்த்து மெருகேற்றுவதற்கான இயந்திரம் இது. அந்த வடிவக் கல்லைத்தான் கபோஷான் என்கிறோம். 6 அங்குல டைமண்ட் சக்கரங்கள் ஆறு, ஒரே ஷாஃப்டில். சட்டம், மூடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கையில் கிடைப்பதை வைத்துச் செய்துகொள்ளலாம். காசும் பொறுமையும் இரண்டு இடங்களுக்குத்தான் தேவை. ஷாஃப்ட் துளியும் ஆடாமல் சுற்ற வேண்டும். சொரசொரப்பான சக்கரத்தின் துகள் மென்மையான சக்கரத்துக்குப் போகக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இல்லாத இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கல் கண்ணாடிபோல் ஆகாது.

மோட்டாரும் வேகமும்

0.5 எச்.பி. (சுமார் 370 வாட்), நான்கு துருவ மோட்டார், முழுக்க மூடிய வகை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது சுமார் 1440 ஆர்.பி.எம். சுற்றும், 60 ஹெர்ட்ஸில் 1725. கால் எச்.பி. மோட்டாரும் சுற்றத்தான் செய்யும், ஆனால் 80 கிரிட் சக்கரத்தில் (கிரிட் என்பது துகளின் அளவு; எண் சிறிதானால் சொரசொரப்பு அதிகம்) கல்லை அழுத்தினால் திணறிவிடும்.

மோட்டாரிலும் ஷாஃப்டிலும் 75 மி.மீ. புல்லி, ஏ செக்‌ஷன் வி பெல்ட். இரண்டு புல்லியும் ஒரே அளவு என்பதால் வேகம் மாறாது. 6 அங்குல சக்கரத்தின் விளிம்பு அப்போது வினாடிக்கு 11.5 மீட்டர் ஓடும். டைமண்ட் சக்கரத்துக்கு இது நல்ல வேகம்.

பழைய பெஞ்ச் கிரைண்டரை மாற்றிக்கொள்ளலாமே என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். அது 2850 ஆர்.பி.எம். சுற்றும், தண்ணீர் முகத்தில் அடிக்கும், ரெசின் சக்கரம் சூடேறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரம் தெறிக்கும் இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி மோட்டாரின் சுருள் இருக்கும்.

ஷாஃப்டும் பேரிங்கும்

டைமண்ட் சக்கரங்களின் துளை பெரும்பாலும் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. முதல்முறை கட்டுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஷாஃப்டுக்கு 25 மி.மீ. கம்பியையும், அதே துளையுள்ள யு.சி.பி. 205 பேரிங்கையும் (இரும்பு பிளாக்கோடு வரும் வகை) வாங்கினால் எல்லாம் பொருந்தியதுபோலவே தெரியும். ஆனால் துளைக்குள் 0.4 மி.மீ. இடைவெளி இருக்கும், சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரும், ஒவ்வொரு சுற்றிலும் கல்லை ஒருமுறை தட்டும். பேரிங் 1 அங்குலத் துளையுள்ள யு.சி.பி. 205-16 ஆக இருக்கட்டும். கம்பியும் துல்லியமாகக் கிரவுண்ட் செய்த (சாணையில் தேய்த்து அளவாக்கிய) 1 அங்குலக் கம்பிதான், 700 மி.மீ. நீளம். ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் துருத் தொல்லை இல்லை. சாதாரண உருட்டுக் கம்பி நேராகவும் இருக்காது, சரியான வட்டமாகவும் இருக்காது.

இரு முனைகளிலும் 35 மி.மீ. நீளத்துக்கு லேத்தில் 20 மி.மீ. ஆகக் கடைந்து மரை போட வேண்டும். இயந்திரத்தின் முன் நிற்பவரின் வலப்பக்க முனைக்கு வழக்கமான வலது மரை, இடப்பக்க முனைக்கு இடது மரை. சக்கரத்தின் மேல்பகுதி உங்களை நோக்கி வந்து கீழே இறங்கும் திசையில் சுற்றும்போது இரண்டு நட்டும் தானாக இறுகும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் இரண்டும் தளர்ந்து கழன்றுவிடும். அதனால் சக்கரம் எதையும் மாட்டுவதற்கு முன்பே திசையைப் பார்த்துவிடுங்கள்.

பேரிங்குகளை 240 மி.மீ. இடைவெளியில், சக்கரங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஷாஃப்டின் புல்லி இரண்டு பேரிங்குக்கும் நடுவில். பேரிங்கைக் கம்பியில் பிடித்து நிறுத்தும் சிறு திருகான கிரப் ஸ்குரூ அழுத்தும் இடத்தில் கம்பியை அரத்தால் லேசாகத் தட்டையாக்கிவிட்டால், பின்னால் கழற்றும்போது பிசிறு மாட்டி அவதிப்பட வேண்டாம். பேரிங் பிளாக்கின் போல்ட்டுகளை முதலில் அரைகுறையாகத்தான் முடுக்க வேண்டும். கையால் சுற்றிப் பார்த்து, எங்கும் பிடிக்காமல் ஓடினால் முழுதாக முடுக்கலாம். சக்கரம் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஒவ்வொரு பேரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஷாஃப்டில் இறுக்கமாகப் பிடிக்கும் ஒரு ரப்பர் வட்டு அவசியம். கம்பி வழியே ஓடிவரும் தண்ணீரை அது வெளியே வீசிவிடும். இல்லாவிட்டால் கல் சேறு பேரிங்குக்குள் போய் அதையும் தேய்த்துவிடும்.

சக்கரங்களின் வரிசை

இடப்பக்கம் உள்ளிருந்து வெளியே 80, 220, 280. வலப்பக்கம் 600, 1200, 3000. முதல் இரண்டும் ஸ்டீலில் டைமண்ட் ஒட்டிய கடினச் சக்கரங்கள். மற்ற நான்கும் அடியில் நுரை வைத்த மென்மையான ரெசின் சக்கரங்கள். குமிழின் வளைவுக்கு ஏற்ப இவை அமுங்கிக்கொடுக்கும். பேரிங் பக்கம் ஒரு கிளாம்ப் காலர் (கம்பியை இறுகப் பிடிக்கும் வளையம்), பிறகு ஃபிளாஞ்ச் (சக்கரத்தைத் தாங்கும் வட்டத் தட்டு), சக்கரம், 20 மி.மீ. பிளாஸ்டிக் ஸ்பேசர், சக்கரம் என்று அடுக்கி, வெளி ஃபிளாஞ்சும் நட்டும் போடவும்.

சிலிக்கன் கார்பைடு கல் சக்கரம் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் இந்த வேகத்தில் அது சீக்கிரம் மேடுபள்ளமாகும். அடிக்கடி டிரெஸ் செய்து சமப்படுத்த வேண்டும். தண்ணீரையும் உறிஞ்சும். நின்ற சக்கரத்தில் தண்ணீர் கீழ்ப்பாதிக்கு இறங்கிவிட்டால், அடுத்த முறை ஓட்டும்போது எடை சமமில்லாமல் கடுமையாக அதிரும், உடையவும் கூடும். ஆகவே வேலை முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சில நிமிடங்கள் வெறுமனே சுற்றவிட வேண்டும். மாட்டும் முன் மரப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும்: கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல்.

சட்டமும் தண்ணீரும்

40 மி.மீ. இரும்பு ஆங்கிள், அல்லது எபாக்ஸி பூசிய 18 மி.மீ. மரைன் பிளைவுட். மோட்டாரைப் பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கீல் வைத்த பலகையில் பொருத்தினால் அதன் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். இரண்டு புல்லிக்கும் இடையே 400 மி.மீ. இடைவெளி என்றால், பெல்ட் நடுவே விரலால் அழுத்தினால் 6, 7 மி.மீ. அமுங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் சூடாகும். பெல்ட்டுக்கு மூடி கட்டாயம்.

உயரத்தில் ஒரு 10 லிட்டர் கேன், ஒவ்வொரு சக்கரத்துக்கும் 6 மி.மீ. குழாய், தனி வால்வு. சொட்டும் நீரைச் சக்கரத்தின் அகலம் முழுக்கப் பரப்ப ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போதும். தண்ணீரை மீன்தொட்டி பம்பால் சுழற்றிப் பயன்படுத்துவது சிக்கனம்தான். ஆனால் 80 கிரிட்டிலிருந்து உதிர்ந்த துகள் அதே தண்ணீரில் 3000க்கு வந்து சேரும். சுழற்சி வேண்டுமென்றால் முதல் இரண்டு சக்கரங்களோடு நிறுத்துங்கள். இதே காரணத்துக்காக ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித் தட்டு, இடையில் பிளாஸ்டிக் தடுப்பு, மேலே மூடி.

மின் இணைப்பு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் வர வேண்டும். சட்டம் இரும்பென்றால் அதற்கும் மோட்டாருக்கும் எர்த். சுவிட்சை ஈரக்கை படாத இடத்தில், காலால் அணைக்கும்படி வைப்பது நல்லது.

ஓட்டிப் பார்த்தல்

புது 80 கிரிட் சக்கரம் முள்ளாக இருக்கும். முதலில் வேண்டாத அகேட் துண்டைச் சிறிது நேரம் தேய்த்து அதன் முனைப்பை அடக்குங்கள். கல்லைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து, நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 80இல் இறுதி அளவுக்கு அரை மி.மீ. மிச்சம் வைத்து நிறுத்திவிடுங்கள். அது விடும் கீறல் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழம். 280இல்தான் அதிக நேரம் செல்ல வேண்டும். அவசரப்படுபவர்கள் எல்லோரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கல்லைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஈரக் கல் எல்லாக் கீறலையும் மறைக்கும். 1200இல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கேயே தேய்த்துப் பயனில்லை. 280க்குத் திரும்ப வேண்டும்.

3000க்குப் பிறகு அகேட், குவார்ட்ஸ், ஓபலுக்கு சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத் தூள்: தோல் வட்டில் ஈரக்குழம்பாகத் தடவி, 500 ஆர்.பி.எம். அளவில். மோட்டாரில் 50 மி.மீ., ஷாஃப்டில் 150 மி.மீ. புல்லி இருந்தால் 480 கிடைக்கும். அதற்குப் பல அளவுகள் படிப்படியாக ஒன்றாக இருக்கும் ஸ்டெப் புல்லி உதவும். குழம்பு காய்ந்து தோல் கல்லை இழுக்கத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் பளபளப்பு ஏறும். ஓபலை அங்கே கவனமாகப் பிடிக்க வேண்டும், சூட்டில் வெடிக்கும்.

கல்லின் மேல் அலைஅலையாகத் தெரிந்தால் சக்கரம் ஆடுகிறது. ஒரே ஒரு ஆழமான கீறல் திடீரென வந்தால் வேற்றுத் துகள் புகுந்திருக்கிறது. கையையும் கல்லையும் நகத்தடியையும் கழுவிவிட்டு, அந்தச் சக்கரத்தைத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்க்கவும். ரெசின் சக்கரம் வழுக்கிக்கொண்டு தேய்க்காமல் போனால், தண்ணீர் போதாமல் அதன் முகம் மழுங்கியிருக்கும்.

குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸை உண்டாக்கும். உலர்வாக ஒரு நொடிகூடத் தேய்க்காதீர்கள். தண்ணீர் இருந்தாலும் தெறிக்கும் பனியில் அதே துகள் இருக்கும். ஆகையால் என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகமூடியும் காற்றோட்டமும் தேவை. மலக்கைட்டில் செம்பு உண்டு, கூடுதல் எச்சரிக்கை. கையுறை போடாதீர்கள், சக்கரம் அதைப் பிடித்து விரலோடு இழுக்கும். தட்டில் சேரும் கல் சேற்றை வாளியில் ஓரிரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடித்து, அடியில் உள்ளதை ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாக்கடைக் குழாயில் ஊற்றினால் வளைவில் தங்கி இறுகி அடைத்துக்கொள்ளும்.