தூரப் பயணத்துக்கு மோட்டார் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் கப்சாய், அதாவது சின்ன எஞ்சின் மோட்டார் சைக்கிள், இல்லாத வீடு குறைவு. தோட்டத்து வேலைக்கும் அதுதான், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அதுதான். அதனால் தூரப் பயணம் என்று பேச்செடுத்தாலே "இருக்கிற வண்டியிலேயே போயேன்" என்பார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். கோலகங்சார், லெங்கோங், கிரிக், அதைத் தாண்டி கிளந்தானில் இருக்கும் ஜெலி. கிரிக்கில் எண்ணெய் நிரப்பாமல் மலையேறிவிட்டேன். சுற்றிலும் காடு, யானை கடக்கும் என்ற மஞ்சள் பலகை, கீழே இறங்கிக்கொண்டே போகும் முள். அன்று பட்ட பயத்திலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் நீங்கள் போக நினைக்கும் சாலைகளை எழுதுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மட்டும்தானா, மலைச்சாலையும் உண்டா? பின்னால் ஆள் வருவாரா? பெட்டி எத்தனை? வண்டியைத் தேர்ந்தெடுக்கப் போவது இந்தத் தாள்தான்.

அடுத்து லைசென்ஸ். பி2 மோட்டார் லைசென்ஸ் வைத்திருந்தால் 250 சிசி வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பி ஃபுல் எடுத்த பிறகு வண்டி பாருங்கள். என்னைக் கேட்டால், புதிதாகத் தூரம் போகிறவருக்கு 250 தாராளம். நெடுஞ்சாலையில் லாரி தாண்டும்போது அடிக்கும் காற்றில் கப்சாய் போல ஆடாது, மலையேற்றத்திலும் மூச்சு வாங்காது. ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 50 ரிங்கிட். 150 சிசி வரையுள்ள வண்டிக்கு இதைவிடக் குறைவுதான், உண்மை. ஆனால் தூரப் பயணத்தில் அந்தக் கொஞ்சப் பணத்துக்காக முதுகை விற்க வேண்டாம்.

இப்போது கடை. இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். பயணத்தில் போடப்போகும் அதே சப்பாத்தோடு போங்கள். "அண்ணே, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். இருபது நிமிடம் இறங்காமல் உட்காருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் எல்லா வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். பத்து தாண்டிய பிறகு மணிக்கட்டு பாரம் தாங்குகிறதா, தோள் முன்னால் இழுக்கிறதா, முட்டி மடங்கி வலிக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் காலை ஊன்றி வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். பெட்டி ஏற்றிய பிறகு சரிவான இடத்தில் நிறுத்தி எடுக்க இதுதான் ஒத்திகை. பின்னால் வரப்போகிறவரையும் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். அவருக்கு வலித்தால் பயணம் பாதியில் நிற்கும்.

டாங்கிக் கணக்கு எளிது. கிரிக்கிலிருந்து ஜெலி சுமார் 120 கிலோமீட்டர். கப்சாய்க்கு நாலு லிட்டர் டாங்கி, பாரத்தோடு லிட்டருக்கு 35 என்றால் 140 வரும். கையிருப்பு வெறும் இருபது. கவாசாக்கி வெர்சிஸ் எக்ஸ் 250-க்கு 17 லிட்டர். லிட்டருக்கு 28 என்று குறைத்து வைத்தாலும் 470-க்கு மேல் ஓடும்.

டயரையும் பாருங்கள். ஆரக்கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டியூப்லெஸ் என்றால் சாலையோரத்திலேயே அடைத்து, காற்றடித்துப் போகலாம். மழையும் செம்மண் சேறும் கலந்த நம் பக்கத்துச் சாலைகளுக்கு சக்கரம் பூட்டி வழுக்காமல் பிடிக்கும் ஏபிஎஸ் பிரேக்கை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பழைய வண்டி என்றால் டயர் ஓரத்தில் நாலு இலக்கம் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் மேல் வரிகள் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் பழசு, பேரம் பேசுங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பேரமே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிய வாரமே கிளந்தான் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிறு விடியலில் பெட்டியில் முழுப் பாரம் ஏற்றி, ஈப்போ தாண்டி சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி இறங்குங்கள். வீடு வந்ததும் செயின் தளர்ந்திருக்கிறதா, பெட்டியின் திருகாணி கழன்றிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்ததை முறுக்கி, மறு ஞாயிறு இன்னொரு முறை ஏறுங்கள்.