கரண்ட் பிரஷர் குக்கரில் நார் நாராகப் பிரியும் பன்றிக்கறி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ‘புல்டு போர்க்’ என்றால் விறகுப் புகையில் 10, 12 மணி நேரம் வேகும் சமாச்சாரம். பன்றியின் தோள்பகுதியை 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் மெதுவாக வாட்டி, கையால் பிய்த்து, கரோலினா மாநிலங்களில் வினிகரும் மிளகும் கலந்த சாறில் புரட்டுவார்கள். புகையைத் தவிர மற்றதெல்லாம் எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் இரண்டரை மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும். பலரும் சறுக்குவது வேகும் நேரத்தில் இல்லை. கடையில் என்ன கேட்டு வாங்குகிறோம், குக்கர் அணைந்த பிறகு எவ்வளவு பொறுக்கிறோம், இந்த இரண்டில்தான்.

கறி

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று எந்தப் பக்கம் போனாலும், வெண்பன்றிக் கடையில் கேட்டதும் தோலோடும் எலும்போடும் குழம்புத் துண்டாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது இதற்கு ஆகாது. சின்னத் துண்டில் நார் குட்டையாக இருக்கும், வெந்ததும் பொடிந்துவிடும். கத்தி இறங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: “அண்ணே, முன்சப்பை முழுசா வேணும். துண்டு போடாதீங்க, தோலை மட்டும் எடுத்துடுங்க.” ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைக் கேட்டு வாங்குவது கஷ்டம், முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது.

முன்சப்பைதான் ஏன்? பன்றி நடக்கும்போது உழைக்கும் சதை அது. சவ்வும் கொழுப்பும் இடையிடையே ஓடும். சவ்வில் இருக்கும் கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகும். நாரை நாரிலிருந்து பிரித்துவிடுவதும், பிரிந்த நாரை ஈரமாக வைத்திருப்பதும் அந்த ஜெலட்டின்தான். முதுகுப் பக்கத்துக் கறியில் சவ்வு குறைவு. என்ன செய்தாலும் பஞ்சு மாதிரி வறண்டுதான் போகும். தொடை சுமார். வயிற்றுப் பக்கம் வெறும் கொழுப்பாக ஒழுகிவிடும்.

எலும்போடு 2 கிலோ வாங்கினால் ஏறக்குறைய 1.5 கிலோ கறி தேறும். எலும்பை வீசாதீர்கள், கறியோடு குக்கரிலேயே போடலாம். மேல்கொழுப்பை அரை சென்டிமீட்டர் விட்டு மீதியைச் சீவி எடுத்துத் தனியே வையுங்கள். வறுக்க எண்ணெய் தேவைப்படாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சதைக்குள் அரிசி மணி அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் நீர்க்கட்டி. அந்தக் கறியை எடுக்கவே கூடாது. தெருவில் மேயும் பன்றியில் இந்த ஆபத்து அதிகம். கொட்டகையில் அடைத்து வளர்த்த பன்றியைக் கேட்டு வாங்குவது அதற்காகத்தான்.

முதல் நாள் இரவு

1.5 கிலோ கறியை நாலு துண்டாக மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 350 முதல் 400 கிராம், 6 அல்லது 7 சென்டிமீட்டர் கனம். ஒரே கட்டியாகப் போட்டால் நடுப்பகுதி வேக ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் வெளிப்புறம் குழைந்துவிடும்.

உப்பு, கறியின் எடையில் 1.5 சதவீதம். 1.5 கிலோவுக்கு 22 கிராம். தூள் உப்பானால் தலைதட்டி 4 டீஸ்பூன். வேதாரண்யம் கல்லுப்புதான் வீட்டில் இருக்கிறது என்றால் ஸ்பூனை நம்பாமல் தராசில் நிறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். பரல் பெரிதாக இருப்பதால் ஸ்பூன் கணக்கு தப்பும். உப்போடு ஒரு மேசைக்கரண்டி மல்லி, 2 டீஸ்பூன் சீரகம், 2 டீஸ்பூன் மிளகு, 8 காய்ந்த மிளகாய் இவற்றை வெறும் வாணலியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துச் சேர்த்து, அரை டீஸ்பூன் மஞ்சள்தூளும் போட்டு எல்லாப் பக்கமும் தேய்த்து, ஃபிரிட்ஜில் 8 மணி நேரமாவது வையுங்கள். உப்பு உள்ளே இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். அவசரத்தில் அரை மணி நேரம் ஊறியதும் வெந்துவிடும், ஆனால் மேலே உப்பும் நடுவில் சப்பென்றும் இருக்கும்.

குக்கரைச் சரிபார்த்தல்

கீழே சொல்லும் கணக்கெல்லாம் 6 லிட்டர், 1000 வாட் குக்கருக்கு. 230 வோல்ட்டில் அது 4.5 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், சாதாரணப் பிளக் பாயின்ட் போதும். ஆனால் வீட்டு இன்வர்ட்டரில் மாட்டாதீர்கள். பெரும்பாலான இன்வர்ட்டர்களுக்கு அந்தச் சுமை ஆகாது.

மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் கேஸ்கட் சுற்றிலும் சரியாக அமர்ந்திருக்கிறதா, மிதக்கும் சின்ன பின் விரலால் தள்ளினால் மேலும் கீழும் சுலபமாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். முந்தின சமையலின் பருப்பு நுரை அந்த பின்னில் ஒட்டிக் காய்ந்திருந்தால் ஆவி ஓரத்தில் கசிந்துகொண்டே இருக்கும், பிரஷர் ஏறாது. உள்பாத்திரத்தின் அடிப்புறத்தில் ஈரம் இருக்கக் கூடாது.

வறுவல்

வதக்குவதற்கான ‘சாட்டே’ பட்டனை அழுத்தி, பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் சீவி வைத்த கொழுப்பைப் போட்டு உருக்குங்கள். கறியின் மேல் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டே துண்டு, பக்கத்துக்கு 4 நிமிஷம். நாலையும் சேர்த்துப் போட்டால் நீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிரச் சிவக்காது. பிரஷர் குக்கருக்குள் எதுவும் சிவக்க வழியே இல்லை, அது முழுக்க ஈரச் சூடு. நிறமும் வறுத்த வாசமும் இந்த இருபது நிமிஷத்தில் வந்தால்தான் உண்டு.

கறியை எடுத்துவிட்டு, அதே கொழுப்பில் 200 கிராம் சின்ன வெங்காயமும் 15 பல் பூண்டும் வதக்குங்கள். பிறகு 250 மில்லி தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு முழுவதையும் சுரண்டிக் கரைக்க வேண்டும். விரல் நகத்தளவு ஒட்டியிருந்தாலும் பத்தாவது நிமிஷத்தில் குக்கர் அடிப்பிடிக்கிறது என்று எச்சரித்து நின்றுவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் இதற்குக் கேன் தண்ணீரே நல்லது. கடைசியில் சாறு சுண்டும்போது அந்த உவர்ப்பும் சேர்ந்து சுண்டும்.

250 மில்லி போதுமா என்று தோன்றும். போதும். கறியே 300, 400 மில்லி நீர் விடும். கறி மூழ்கும் வரை ஊற்றினால் அது சூப்பாகிவிடும், சத்தும் ருசியும் தண்ணீருக்குப் போய்விடும். புளி, வெல்லம், தக்காளி எதையும் இப்போது சேர்க்காதீர்கள். மூன்றுமே அடிக்குப் போய் உட்கார்ந்து கருகும் பேர்வழிகள்.

வேகவைத்தல்

எலும்பு அடியில், கறி மேலே. பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறக் கூடாது. மூடியைப் பூட்டி, வால்வை மூடும் பக்கம் திருப்பி, ஹை பிரஷரில் 55 நிமிஷம் வையுங்கள். பிரஷர் ஏற 12 முதல் 18 நிமிஷம் பிடிக்கும். சாயந்திரம் வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம். பிரஷர் ஏறிய பிறகுதான் 55 நிமிஷம் ஓடத் தொடங்கும்.

இது விசில் அடிக்காது. விசிலை எண்ணிப் பழகியவர்களுக்கு இதுதான் முதல் குழப்பம். அடுப்பு குக்கர் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரியைத் தொடும்; பெரும்பாலான கரண்ட் குக்கர்கள் 115க்குப் பக்கத்திலேயே நிற்கும். அடுப்பு குக்கரில் செய்வதானால் முதல் விசிலுக்குப் பிறகு தீயைச் சிம்மில் வைத்து 40 முதல் 45 நிமிஷம். அதில் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும் என்பதால் தண்ணீர் 400 மில்லியாக இருக்கட்டும்.

நடுவில் கரண்ட் போனால் மூடியைத் தொடாதீர்கள். உள்சூடு நீண்ட நேரம் நிற்கும், கறி வெந்துகொண்டேதான் இருக்கும். கரண்ட் வந்ததும் சில குக்கர்கள் விட்ட இடத்திலிருந்து ஓடும், சில ஆஃப் ஆகிவிடும். திரையைப் பார்த்து, மீதி நேரத்தைத் திரும்ப வையுங்கள்.

நேரம் முடிந்து பீப் அடித்ததும் வால்வைத் திறக்கத்தான் கை போகும். வேண்டாம். 20 நிமிஷம் அப்படியே விடுங்கள். பிரஷரைச் சட்டென்று வெளியேற்றினால் நூறு டிகிரிக்கு மேல் இருக்கும் சாறு உள்ளே தளதளவென்று கொதிக்கும். கறிக்குள் இருக்கும் நீரும் அப்போதே ஆவியாகி நாரை விட்டு ஓடிவிடும். ஜெலட்டினாகி நின்ற கறி கண்ணெதிரே விறைத்துப்போவது இந்த ஒரு நிமிஷத்தில்தான். போதாததற்குக் கொழுப்பு கலந்த ஆவி வால்விலிருந்து சீறிச் சுவரெல்லாம் தெறிக்கும். 20 நிமிஷம் கழித்தும் மூடியில் மிதக்கும் அந்தச் சின்ன பின் இறங்கவில்லை என்றால், வால்வின் பிடியைத் துணியால் பிடித்துக்கொண்டு மீதி ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

வெந்ததா?

முள்கரண்டியைக் குத்தி ஒரு திருகு திருகுங்கள். தானாகப் பிரிந்தால் சரி. ரப்பர் மாதிரி இழுத்தால் ‘அதிகமாக வெந்து கட்டியாகிவிட்டது’ என்று பலர் நினைப்பார்கள். நேர்மாறு. சவ்வு இன்னும் கரையவில்லை. திரும்ப மூடி இன்னொரு 12 நிமிஷம் ஹை பிரஷர், மறுபடியும் 15 நிமிஷம் பொறுமை. வயதான பன்றியோ நாட்டுப் பன்றியோ ஆனால் இது கட்டாயம் தேவைப்படும். முதலிலேயே 70 நிமிஷம் வைத்துவிடலாம். தொட்டதும் மாவாக உதிர்ந்தால்தான் அது அதிகம் வெந்தது. அதற்கு வைத்தியம் இல்லை, வடைக்குள் வைக்கலாம்.

பிய்த்தல்

கறியை அகலத் தாம்பாளத்தில் எடுத்து 10 நிமிஷம் ஆறவிடுங்கள். கை தாங்கும் சூட்டில் பிய்க்க வேண்டும். முழுக்க ஆறினால் ஜெலட்டின் இறுகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு முள்கரண்டியால் நார் ஓடும் திசையிலேயே பிரியுங்கள். சுண்டுவிரல் நீளம், தீக்குச்சிக் கனம் போதும். புட்டு மாதிரி ஆக்கிவிட்டால் சாறு பிடிக்க இடமிருக்காது. கரையாத கொழுப்புக் கட்டி, எலும்புச் சிலும்பு தென்பட்டால் பொறுக்கிவிடுங்கள்.

சாறு

பாத்திரத்தில் 600 மில்லி வரை நீர் நிற்கும். உயரமான பாத்திரத்தில் ஊற்றி 5 நிமிஷம் விட்டால் கொழுப்பு மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எடுத்து வையுங்கள். மீதியை வெங்காயத்தோடு சேர்த்துத் திரும்பவும் சாட்டேயில் 12 முதல் 15 நிமிஷம் கொதிக்கவிட்டுப் பாதிக்கும் கீழே சுண்டவையுங்கள். இப்போது எலுமிச்சம்பழ அளவு புளியை 100 மில்லி நீரில் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். 40 கிராம் வெல்லம், ஒரு டீஸ்பூன் கடுகுப்பொடி, காரத்துக்குத் தக்கபடி மிளகு. கரோலினாக்காரர்கள் வினிகரில் எடுக்கும் புளிப்பை இங்கே புளி கொடுக்கிறது, அதைவிடக் கொஞ்சம் ஆழமாகவே. கருப்பட்டி போட்டால் நிறம் இன்னும் அழுத்தமாக வரும். கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் நிறுத்துங்கள். உப்பை இப்போதுதான் பார்க்க வேண்டும். சுண்டுவதற்கு முன்னால் பார்த்துச் சேர்த்தால் கடைசியில் கரிக்கும்.

பிய்த்த கறியில் சாறை ஒரேயடியாகக் கொட்டாமல் நாலு நாலு கரண்டியாக ஊற்றிப் புரட்டுங்கள். கறி குடித்து நிறுத்தும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, மீதியைத் தொட்டுக்கொள்ள வைத்துவிடலாம்.

புகை வேண்டுமென்றால்

டெல்டாவில் கொட்டாங்குச்சிக்கா பஞ்சம். ஒரு துண்டைச் சுட்டுக் கனன்ற கரியாக்கி, சின்னக் கிண்ணத்தில் வைத்து, கறி இருக்கும் சட்டியின் நடுவே இறக்கி, எடுத்து வைத்த பன்றிக்கொழுப்பில் அரை டீஸ்பூன் அதன் மேல் விட்டு உடனே மூடுங்கள். 4 நிமிஷம் போதும், அதற்கு மேல் கசக்கும். கரி புகைந்து முடிந்து கனல வேண்டும். கருப்புப் புகை வரும்போதே வைத்தால் தார் வாசம் ஏறும். இதை மண்சட்டியிலோ வேறு பாத்திரத்திலோ செய்யுங்கள். குக்கர் மூடியைக் கொண்டு மூடினால் கேஸ்கட் கெடும்.

பரிமாற

1.5 கிலோவுக்கு 900 கிராம் அளவு வரும், எட்டுப் பேருக்குத் தாராளம். பரிமாறும் முன் ஒரு பங்கை மட்டும் இரும்புத் தோசைக்கல்லில் அசைக்காமல் 3 நிமிஷம் விட்டு ஓரம் முறுகவைத்து மற்றதோடு கலந்தால் மெத்தும் மொறுப்பும் சேர்ந்து வரும். பன்னுக்குள் வைப்பது அமெரிக்க வழக்கம். கல்தோசைக்கும் பரோட்டாவுக்கும் இது அதைவிடப் பொருந்தும். கூடவே பொடியாக அரிந்த முட்டைக்கோசும் வெங்காயமும் எலுமிச்சைச் சாறில் பிசறி வைத்தால் கொழுப்பின் திகட்டல் தெரியாது.

மிச்சத்தை நம் ஊர்ச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சாறோடு சேர்த்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், ஃபிரீசரில் இரண்டு மாதம். சுடவைக்க, வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டி இட்லிப்பானையில் 12 நிமிஷம். வாணலியில் கிளறினால் நார் வறண்டுவிடும். கேஸ்கட்டைக் கழற்றி வெயிலில் காயவைத்தாலும் பூண்டு வாசம் முழுக்கப் போகாது. கறிக்கென்று இன்னொரு கேஸ்கட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது தெரியும் காரணம்.