மழைக்கு முன் மொட்டை மாடியைச் சுத்தம் செய்வது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஆயுத பூஜைக்கு வீட்டில் ஜன்னல் கம்பி வரை துடைப்போம். மாடிப்பக்கம் மட்டும் யாரும் போக மாட்டார்கள். வடாம் காயப்போடும் காலம் முடிந்துவிட்டால் துணி உலர்த்தப் போவதோடு சரி. ஆனால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். அதற்கு முந்தைய நாட்கள்தான் மாடிக்குச் சரியான நேரம். தளம் காய்ந்திருக்கும், வெடிப்பு கண்ணுக்குத் தெரியும், ஒட்டுவேலை இருந்தால் கொத்தனாரும் கிடைப்பார்.

ஒரு கணக்கு பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். பல வீடுகளில் அத்தனையும் இரண்டே குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். அவை அடைத்துக்கொண்டு ஒரு அங்குலம் தேங்கினாலே, தளத்தின் மேல் இரண்டு டன்னுக்கு மேல் எடை. அதனால் மாடியைப் பளபளவென்று ஆக்க வேண்டும் என்று பிரயாசைப்படாதீர்கள். தண்ணீர் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும், தளத்தின் மேற்பூச்சு கெடக்கூடாது, அவ்வளவுதான். ஆசிட், இரும்பு பிரஷ், மண்வெட்டி மூன்றையும் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

தென்னந்துடைப்பம், நீளக் கைப்பிடி வைத்த நைலான் பிரஷ், பிளாஸ்டிக் முறம், இரண்டு பழைய அரிசிச் சாக்கு, வாளி, ரப்பர் கையுறை, முகக்கவசம், சாக்பீஸ், கொஞ்சம் பழைய துணி, கயிறு.

காலுக்கு ஹவாய் செருப்பு வேண்டாம். தேய்ந்த ஹவாயும் ஈரப்பாசியும் சேர்ந்தால் ஆள் விழுவது நிச்சயம். அடியில் வரி உள்ள ரப்பர் ஷூ போடுங்கள்.

படி 1: ஏறியதும் சுற்றிப் பாருங்கள்

துடைப்பத்தை எடுக்கும் முன் ஒரு சுற்று நடங்கள். கைப்பிடிச் சுவர் எந்தப் பக்கம் இடுப்புக்குக் கீழே இருக்கிறது? சுவர் ஆடுகிறதா? மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் போகிறதா? தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் சோலார் ஹீட்டர் ஸ்டாண்டுக்கு உள்ளேயும் குளவிக்கூடு இருக்கிறதா? கூடு இருந்தால் அன்றைக்கு அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

தனியாக ஏறாதீர்கள், வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்துக்குள் முடித்துவிடலாம். அதற்கு மேல் வெயிலில் தலைசுற்றும், தலைசுற்றும் இடம் அது இல்லை. சன்ஷேடில் இறங்கி நின்று சுத்தம் செய்யும் வேலையே வேண்டாம். அது ஆள் நிற்பதற்காகப் போட்டதல்ல.

படி 2: உங்கள் தளம் எந்த வகை?

பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். இங்கே உயிர்நிலை ஓடு அல்ல, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் சாந்துதான். அது பெயர்ந்தால் தண்ணீர் நேராக ஜல்லிக்குள் இறங்கி, மூன்று மாதம் கழித்து படுக்கையறைக் கூரையில் ஓதமாகத் தெரியும். வெறும் சிமெண்ட் தளம் என்றால் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கலாம். வெள்ளை கூலிங் பெயிண்டோ வாட்டர்ப்ரூஃப் பூச்சோ அடித்த தளத்துக்கு மெல்லிய பிரஷ், தண்ணீர், சிறிது சோப்பு, இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் இந்தச் செய்முறை பொருந்தாது. அதன் மேல் ஏறினால் உடையும். காய்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஓட்டு வீட்டுக்கும் பழகிய ஆளைக் கூப்பிடுவதுதான் நல்லது.

படி 3: சாமான்களைத் தூக்கி வையுங்கள்

பூந்தொட்டியை இழுத்தால் ஓடு கீறும், மூலை உடையும். இருவராகத் தூக்குங்கள். உடைந்த தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் அன்றே கீழே அனுப்பிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும்.

படி 4: குழாய் வாயை அடைத்துவிட்டுப் பெருக்குங்கள்

பலரும் குப்பையைக் குழாய்ப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போவார்கள். பாதி குப்பை உள்ளே போய்விடும். அதற்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பழைய துணியைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, குழாய் வாயில் செருகுங்கள். கயிற்றின் மறுமுனையை ஒரு முழுச் செங்கல்லில் கட்டி நடுவழியில் வையுங்கள். கல் காலில் இடறும்போதெல்லாம் துணி உள்ளே இருப்பது நினைவுக்கு வரும். எடுக்க மறந்தால் மழையன்று மாடி குளமாகிவிடும்.

புறா எச்சம் காய்ந்து கிடந்தால் அப்படியே பெருக்கக்கூடாது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தொற்று வரலாம். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, வழித்து எடுங்கள். மற்ற இடங்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பெருக்குங்கள். பின்பக்கமாக நடந்துகொண்டே பெருக்கும் பழக்கம் தரையில் சரி, மாடியில் ஆகாது.

படி 5: குழாய் வாய்

இந்த வேலைக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். துணியை எடுத்துவிட்டு, சல்லடையைக் கழற்றி, கையுறையோடு உள்ளே கையை விடுங்கள். வேப்பிலை மக்கிக் கறுப்புச் சேறாகி, அதோடு புறா இறகு, துணி கிளிப், பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை எல்லாம் பின்னிக்கொண்டு வரும். அள்ளிச் சாக்கில் போடுங்கள். ஹோஸ் வைத்து உள்ளே தள்ளிவிட்டால் அது கீழே எல்போவில் போய் இறுகிவிடும். அப்புறம் பிளம்பர் வந்து குழாயை அறுக்க வேண்டியிருக்கும்.

இனி ஒரு வாளித் தண்ணீரை ஒரே ஊற்றாக ஊற்றுங்கள், கீழே ஒருவர் நின்று பார்க்கட்டும். மேலே விழுந்த வேகத்தில் கீழே வர வேண்டும். மெதுவாக வந்தால் நடுவில் அடைப்பு. இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், பிவிசி இணைப்பு விட்டுப்போகும். பிளம்பரிடம் இதற்கென்றே ஸ்பிரிங் கம்பி இருக்கும்.

படி 6: பாசி

முதலில் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷால் தேயுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். மீதிக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர்: 10 லிட்டர் வாளிக்கு 100 கிராம் போட்டுக் கலக்கி, அடியில் வண்டல் படிந்ததும் மேலே உள்ள தெளிந்த நீரைப் பாசியில் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெடிப்புக்குள் அது தங்கக்கூடாது, அதிலுள்ள குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஆசிட்டைத் தனியாகவும் ஊற்ற வேண்டாம். பாசி போவது உண்மைதான், ஆனால் சிமெண்டையும் சுண்ணாம்பையும் சேர்த்தே கரைத்துக்கொண்டு போகும்.

பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்கிறதே என்பார்கள். புது சிமெண்ட் தளத்துக்குப் பரவலாக அடிக்கும் நாசில் போட்டு, தள்ளி நின்று அடிக்கலாம். தட்டோட்டுத் தளத்துக்கு என் ஓட்டு பிரஷுக்குத்தான்.

படி 7: அரசங்கன்று

கைப்பிடிச் சுவர் வெடிப்பில் பறவை எச்சத்தோடு விழுந்த விதையிலிருந்து அரசும் ஆலும் முளைத்திருக்கும். இரண்டு இலைக் கன்று என்றால் ஈரம் செய்து வேரோடு உருவிவிடலாம். விரல் தடிமன் ஆகிவிட்டால் பிடுங்காதீர்கள். பூச்சு பெயர்ந்து வரும், வேர் உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும். கொத்தனாரை வைத்துப் பூச்சைக் கொத்தி, வேரை எடுத்துவிட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

படி 8: காய்ந்த பிறகு ஒரு பார்வை

கழுவிய தளம் காயும்போது வெடிப்பு இருக்கும் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். அதுதான் குறிக்க வேண்டிய நேரம், சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம். போனில் படம் எடுத்துக் கொத்தனாருக்கு அனுப்பினால் அவர் பாதி விஷயத்தை அங்கேயே சொல்லிவிடுவார்.

தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் குழாயும் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகும் என்றால், கழுவும் அன்று அந்த வழியை மூடி, தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள். பிளீச்சிங் கலந்த நீர் கிணற்றுக்குள் போகக்கூடாது. முதல் மழையையும் அப்படியே வெளியே விடுங்கள். இரண்டாவது மழைக்குத் திறந்தால் போதும்.