ஒரே ஒளிப்பதிவாளர், ஒரே நடிகை, மூன்று இயக்குநர்கள்: ஜப்பானியச் செவ்வியல் சினிமாவை எங்கிருந்து தொடங்குவது?

ஜப்பானியச் செவ்வியல் சினிமாவைப் பார்க்க விரும்புவதாக யாரிடமாவது சொன்னால், பெரும்பாலும் அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்', யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' என்ற இரண்டு பெயர்களே பதிலாக வரும். இரண்டும் மகத்தான படங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முன்னது 207 நிமிடங்கள் ஓடக்கூடியது; பின்னதிலோ, புதிதாகப் பார்ப்பவருக்கு முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். முதல் முறை பார்த்தபோது அந்த ஒரு மணி நேரத்துக்குள் நானே தூங்கிப்போனேன். குறை படத்தில் இருக்கவில்லை. ஓர் இயக்குநரின் கையெழுத்தை எப்படி அடையாளம் காண்பது என்று தெரியாமல் நேராக அவருடைய உச்சத்துக்குப் போய் நின்றதுதான் என் தவறு.

பிறகு வேறொரு வழி தென்பட்டது. அகிரா குரோசவா, கென்ஜி மிசோகுச்சி, யசுஜிரோ ஓசு ஆகிய மூவரும் டாயேய் என்ற ஒரே தயாரிப்பு நிறுவனத்துக்காகப் படம் எடுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஆளுக்கொன்றாக மூன்று படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் கசுவோ மியாகவா. மூன்றிலும் முக்கியப் பாத்திரத்தில் நடித்தவர் மச்சிகோ கியோ. ஒளிப்பதிவாளரும் நடிகையும் நிறுவனமும் மாறாமல் இருக்கும்போது, படத்துக்குப் படம் எது மாறுகிறதோ அதில் பெரும்பங்கு இயக்குநருடையது என்று துணிந்து சொல்லலாம். கதையும் திரைக்கதையும் வேறு, மூன்றாவது படம் வண்ணப்படம் என்பதால் இது ஆய்வுக்கூடச் சோதனைபோல் துல்லியமானதன்று. ஆனாலும் தொடக்கநிலைப் பார்வையாளருக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் இதுவரை கண்டதில்லை.

படி 1: பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

'ரஷோமான்' (1950), 'உகெட்சு' (1953), 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' (1959) ஆகிய மூன்று படங்களையும் இதே வரிசையில், ஒரு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பார்க்கத் திட்டமிடுங்கள். முதல் படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. மூன்றாவதுகூட இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. முடிந்தவரை சீரமைக்கப்பட்ட பிரதிகளைத் தேடுங்கள். மங்கிய பழைய பிரதியில் மியாகவாவின் சாம்பல் நிறச் சாயல்கள் சேறாகக் குழம்பிவிடும்.

இன்னொரு சிறிய வேலையையும் தவறாமல் செய்ய வேண்டும். இப்படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுரமானது. ஆகவே அகலமான தொலைக்காட்சியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் தெரிவதுதான் சரி. பட்டைகளை நீக்குவதற்காகத் தொலைக்காட்சி படத்தை இழுத்து நீட்டினாலோ மேலும் கீழும் வெட்டினாலோ, அமைப்புகளுக்குள் சென்று அதை நிறுத்திவிடுங்கள். ஓசுவின் படத்தில் மேலும் கீழும் வெட்டினால் படத்தில் பாதி போய்விட்டது என்றே பொருள்.

பெயர்களைக் குறித்தும் ஒரு சொல். ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் சொல்வதால், சில இடங்களில் 'குரோசவா அகிரா' என்றும் சில இடங்களில் 'அகிரா குரோசவா' என்றும் காண்பீர்கள், இருவரும் ஒருவரே. படங்களுக்கு, தேடும்போது எளிதில் கிடைக்கக்கூடிய பெயர்களையே இங்கே பயன்படுத்தியிருக்கிறேன்.

படி 2: 'ரஷோமான்' — நகரும் கேமராவும் சூரியனும்

தொழிலாளர் போராட்டங்களால் டோஹோ நிறுவனம் குலைந்துபோயிருந்த காலத்தில், குரோசவா வெளியே வந்து டாயேய்க்காக எடுத்த படம் இது. ரியுனொசுகே அகுதாகவாவின் இரண்டு சிறுகதைகளை இணைத்து உருவான கதையில், காட்டுக்குள் ஒரு சாமுராய் இறந்துகிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், விறகுவெட்டி ஆகியோர் அந்த நிகழ்வை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். 1951ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்று, ஜப்பானிய சினிமாவின் பக்கம் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இந்தப் படம்தான். இதன் பாதிப்புடன் தமிழில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாடல்களே இல்லாத அந்தப் படத்தின் பின்னணி, ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாட்கள் என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.

உண்மை எது என்ற கேள்வியை முதல் முறை பார்க்கும்போது ஒதுக்கி வையுங்கள். அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நீங்கள் கவனிக்க வேண்டியது தொடக்கத்தில் விறகுவெட்டி கோடரியுடன் காட்டுக்குள் நடந்து செல்லும் காட்சியை. உரையாடல் ஏதுமின்றி நகரும் அந்தச் சில நிமிடங்களில் கேமரா அவனுக்கு முன்னால் செல்கிறது, பின்னால் வருகிறது, அவன் காலடியிலிருந்து மேலே பார்க்கிறது, இலைகளின் ஊடே சூரியனையே நேராக நோக்குகிறது. கேமராவைச் சூரியனுக்கு நேரே திருப்பத் தயங்கிய காலம் அது. அடர்ந்த காட்டுக்குள் வெளிச்சம் போதாமல் கண்ணாடிகளைக் கொண்டு வெயிலைத் திருப்பி நடிகர்களின் முகத்தில் விழச் செய்தார் மியாகவா. இலை நிழல்கள் முகங்களில் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதால், யார் சொல்வதையும் முழுதாக நம்ப முடியாத கதைக்கு முகங்களும் முழு வெளிச்சத்துக்கு வராமலே இருந்துவிடுகின்றன.

அடுத்ததாக மழையைக் கவனியுங்கள். இடிந்த வாயிலின் கீழே மூவர் ஒதுங்கி நிற்க, மழை கொட்டுகிறது. சாம்பல் வானத்தின் முன் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் கறுப்பு மை கலந்ததாகச் சொல்வார்கள். அந்த மழைக்கு எடை இருக்கிறது. அது கதாபாத்திரங்களைத் தாக்குகிறது. மூன்றாவது படத்தில் மீண்டும் ஒரு மழை வரவிருக்கிறது என்பதால் இதை நினைவில் வைத்திருங்கள்.

படி 3: 'உகெட்சு' — வெட்டாமல் பின்தொடரும் கேமரா

மிசோகுச்சி 1898இல் பிறந்தவர். குரோசவாவைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர். பேசாப் படக் காலத்திலிருந்தே இயக்கியவர். 1953இல் வெனிஸில் வெள்ளிச் சிங்கம் பெற்ற 'உகெட்சு', பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், பீவா ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் வாழும் குயவன் ஒருவன் பணத்தாசையாலும், அவனுடைய அண்டைவீட்டான் சாமுராய் ஆகும் ஆசையாலும் தம் மனைவியரை எந்தக் கதிக்கு ஆளாக்குகிறார்கள் என்பதைச் சொல்கிறது. வரலாறும் பேய்க்கதையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருப்பதால், எப்போது ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்பதை நாம் உணர்வதற்குள் எல்லையைக் கடந்திருப்போம்.

இங்கும் கேமரா நகர்கிறது, ஆனால் அதன் குணம் முற்றிலும் வேறு. குரோசவா பல கோணங்களில் எடுத்த துண்டுகளை மோதவிட்டு வேகத்தை உண்டாக்குகிறார். மிசோகுச்சி காட்சியை வெட்டவே, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவே, தயங்குகிறார். கிரேன் மீது அமர்ந்த கேமரா மனிதர்களைச் சற்றுத் தொலைவிலிருந்து, அவர்கள் துயரத்துக்குள் மூக்கை நுழைக்காத ஒரு மரியாதையோடு தொடர்ந்து செல்கிறது. மூடுபனி படர்ந்த ஏரியில் படகு வரும் காட்சியைப் பாருங்கள். அதன்பின், குயவன் நெடுநாள் கழித்து வீடு திரும்பும் காட்சிக்காகக் காத்திருங்கள். அவன் உள்ளே நுழைகிறான், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பின்வாசல் வழியே வெளியேறி வீட்டைச் சுற்றி வருகிறான். கேமரா வீட்டுக்குள்ளிருந்தபடியே அவனைத் தொடர்ந்து திரும்பி மறுபடியும் முன்வாசலுக்கு வரும்போது வீட்டுக்குள் ஒன்று மாறியிருக்கிறது. என்ன மாறியது என்பதை நான் சொல்லப்போவதில்லை. இடையில் வெட்டு இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெட்டியிருந்தால் அது தந்திரக் காட்சியாகியிருக்கும். வெட்டாததால் நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது.

மச்சிகோ கியோவை இங்கே அடையாளம் காண்பதற்கே உங்களுக்குச் சற்று நேரம் பிடிக்கலாம். 'ரஷோமா'னில் கத்தியுடன் பாய்ந்தும் சிரித்தும் அழுதும் சட்டகத்தை நிறைத்தவர், இங்கே வகாசா சீமாட்டியாக ஜப்பானிய மரபு நாடகமான 'நோ'வின் முகமூடியை நினைவூட்டும் ஒப்பனையுடன், பாதம் தரையில் படுகிறதா என்று சந்தேகிக்கும்படி நகர்கிறார். 'ரஷோமா'னில் அவருடைய கணவராக நடித்த மசயுகி மோரிதான் இதில் குயவன்.

படி 4: 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' — அசையாத கேமரா

ஷோசிகு நிறுவனத்தின் இயக்குநரான ஓசு, டாயேய்க்காக எடுத்த ஒரே படம் இது. 1934இல் தாமே எடுத்த பேசாப் படத்தின் மறு ஆக்கம். கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு நாடோடி நாடகக் குழு வந்திறங்குகிறது. குழுத் தலைவருக்கு அந்த ஊரில் ஒரு பழைய காதலியும், அவரைத் தந்தை என்று அறியாமல் மாமா என்று அழைக்கும் வளர்ந்த மகனும் இருக்கிறார்கள். குழுவில் அவருடன் வாழும் நடிகையாக மச்சிகோ கியோ. இந்த உறவு தெரிந்ததும் அந்த நடிகைக்குள் பற்றும் நெருப்பே கதையின் மையம்.

முந்தைய இரண்டு படங்களிலும் கேமராவைக் காட்டுக்குள் ஓடவிட்ட, கிரேனில் மிதக்கவிட்ட மியாகவா, இங்கே அதைத் தரைக்கு அருகில் இறக்கி வைத்துவிட்டார். பிறகு அது நகரவே நகராது என்று சொல்லிவிடலாம். ஓசு பெரும்பாலும், மனிதக் கண் காண்பதற்கு நெருக்கமாகக் காட்டும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்துவார், பேசுபவரை ஏறத்தாழ நேர் எதிரே வைத்துக் காட்டுவார். முதல் ஷாட்டிலேயே தொலைவில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கமும் அருகில் ஒரு பாட்டிலும் ஒன்றையொன்று ஒத்து நிற்பதைக் காண்பீர்கள். அதற்கு எந்தக் குறியீட்டுப் பொருளையும் தேட வேண்டாம். வடிவங்கள் ஒத்துப்போவதில் அவருக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

இப்போது மழை. தெருவின் ஒரு புறத்துத் தாழ்வாரத்தில் குழுத் தலைவரும் மறுபுறத்தில் அந்த நடிகையும் நின்று ஒருவரையொருவர் வசைபாடுகிறார்கள். நடுவே மழை பெய்கிறது. யாரும் யாரையும் தொடுவதில்லை, கேமராவும் நெருங்குவதில்லை. 'ரஷோமா'னின் மழை மனிதர்களைத் தாக்கியது. இந்த மழை இருவருக்கும் நடுவே ஒரு சுவராக நின்று, அவர்கள் சொற்களால் மட்டுமே அடித்துக்கொள்ளும்படி செய்கிறது. இதைவிட வன்முறையான சண்டைக்காட்சியைப் பல சாமுராய்ப் படங்களில் நான் பார்த்ததில்லை.

படி 5: மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தல்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கேமரா எப்போது நகர்கிறது, எதற்காக? ஒருவர் அழும்போது கேமரா அருகில் இருக்கிறதா, தொலைவிலா? பாத்திரங்கள் கேமராவை நோக்கிப் பேசும்போது நாம் யாராக ஆகிறோம்? மூன்றாவது கேள்வியைச் சற்று விரிவாகவே எழுதலாம். 'ரஷோமா'னில் சாட்சிகள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள், நீதிபதி கண்ணில் படுவதே இல்லை. ஆகவே நாம் நீதிபதியின் இடத்தில் அமர்ந்துவிடுகிறோம். ஓசுவின் படத்திலும் பாத்திரங்கள் ஏறத்தாழ அதேபோல் நம்மை நோக்குகிறார்கள். ஆனால் அங்கே நாம் அந்த வீட்டுப் பாயில் எதிரே உட்கார்ந்திருக்கும் உறவினர், தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. உத்தி ஒன்றுதான், விளைவு நேர்மாறானது. இந்த வேறுபாடு புலப்பட்டுவிட்டால் விமர்சன நூல்கள் எதுவும் இல்லாமலே நீங்கள் இம்மூவரையும் பிரித்தறியத் தொடங்கிவிட்டீர்கள்.

படி 6: ஒவ்வொருவரிடமும் இரண்டாவது படம்

மூவரில் உங்களை ஈர்த்தவரிடமிருந்து தொடருங்கள். குரோசவா என்றால் 'இகிரு' (1952). 'ரஷோமா'னின் விறகுவெட்டியாக நடித்த தகாஷி ஷிமுரா, இதில் வயிற்றுப் புற்றுநோயால் சாகவிருக்கும் நகராட்சி அலுவலர். கதாநாயகனைப் படம் முடிவதற்கு வெகு முன்பே இறக்கவிட்டு, மீதியைத் துக்க வீட்டில் கூடியவர்களின் பேச்சில் சொல்லும் துணிச்சலைப் பார்க்கும்போது, 'ரஷோமான்' எடுத்தவர்தான் இவர் என்பது புரியும். மிசோகுச்சி என்றால் 'சான்ஷோ தி பெய்லிஃப்' (1954). ஒளிப்பதிவு மியாகவாவே. இதை மனம் தெம்பாக இருக்கும் நாளில் பாருங்கள்.

ஓசு என்றால் 'லேட் ஸ்பிரிங்' (1949) படத்துக்குச் செல்லுங்கள். மனைவியை இழந்த தந்தை, அவரை விட்டுப் பிரிந்து திருமணம் செய்ய மனமில்லாத மகள். மகளாக நடித்த செட்சுகோ ஹாரா, பதினோரு ஆண்டுகள் கழித்து 'லேட் ஆட்டம்' (1960) படத்தில், தன் மகளுக்குத் திருமணம் செய்து வைக்க வேண்டிய கைம்பெண் தாயாக வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஓசு ஏன் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தார் என்ற கேள்வி தானாகவே உதிர்ந்துவிடும். அதன்பிறகே 'டோக்கியோ ஸ்டோரி' (1953). 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' படத்தில் பொறுமையே உருவான பழைய காதலியாக வந்த ஹருகோ சுகிமுரா, இதில் வயதான பெற்றோரைச் சுமையாகக் கருதும் அழகு நிலையக்கார மகளாக வருவதைக் கண்டு நீங்கள் திடுக்கிடக்கூடும்.

படி 7: மூவருக்கு அப்பால்

மிக்கியோ நருசேவை இந்த மூவரோடு நான்காமவராகச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'வென் எ வுமன் அசெண்ட்ஸ் த ஸ்டேர்ஸ்' (1960) படத்தில், டோக்கியோவின் கின்சா பகுதியில் மதுக்கூடம் ஒன்றை நடத்தும் கைம்பெண்ணாக ஹிதேகோ தகமினே ஒவ்வொரு மாலையும் மாடிப்படி ஏறுகிறார். வாடகை, கடன், உடைச் செலவு என்று பணக்கணக்கு இவ்வளவு வெளிப்படையாகப் பேசப்படும் படங்கள் குறைவு. மசாகி கோபயாஷியின் 'ஹராகிரி' (1962), சாமுராய் மரபின் பெருமிதத்தை அதன் சொந்த முற்றத்திலேயே தோலுரிக்கிறது. கதை முடிச்சுகளை விரும்புபவர்கள் இதை முன்கூட்டியே பார்த்தாலும் தவறில்லை. கனெதோ ஷிண்டோவின் 'தி நேக்கட் ஐலண்ட்' (1960), ஏறத்தாழ வசனமே இல்லாதது என்பதால் வசன வரிகளைப் படித்து அலுத்தவர்களுக்கு ஏற்றது.

'செவன் சாமுரா'யை இந்த இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இடைவேளை என்று படத்திலேயே ஒரு பகுதி இருக்கிறது; அங்கே நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் பாருங்கள். இறுதிப் போர் கொட்டும் மழையில் நடக்கும்.