தாய்லாந்து மனைவியோடு ஓய்வுக்காலம்: ஓராண்டு தங்க அனுமதி வாங்கும் வழி

ரிட்டயர்மென்ட் விசா, மேரேஜ் விசா என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அந்தப் பெயரில் தனி விசா எதுவும் கிடையாது. நடைமுறையில் இரண்டு படிகள். முதலில் 'நான்-இமிக்ரன்ட் ஓ' (Non-Immigrant O) விசா. அதில் 90 நாள் தங்கலாம். அந்த 90 நாள் முடிவதற்குள் உள்ளூர் இமிக்ரேஷன் அலுவலகத்தில் தங்கும் காலத்தை ஓராண்டுக்கு நீட்டிக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் இந்த நீட்டிப்புதான். தூதரகத்தில் கேட்க வேண்டியதை இமிக்ரேஷனிலும், இமிக்ரேஷனில் கேட்க வேண்டியதைத் தூதரகத்திலும் கேட்டு அலைகிறவர்கள் பலர். விசா தூதரகத்தின் வேலை, நீட்டிப்பு இமிக்ரேஷனின் வேலை.

எந்த அடிப்படையில் நீட்டிப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 50 வயது தாண்டி, தாய்லாந்து நாட்டவரை மணந்தவருக்கு ஓய்வுக்காலம், திருமணம் என இரண்டு வழியும் திறந்திருக்கும்.

ஓய்வுக்கால அடிப்படைக்கு 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) தாய்லாந்து வங்கியில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் 2 மாதம், அனுமதி கிடைத்தபின் 3 மாதம் அதில் கை வைக்கக் கூடாது. அதன்பிறகும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, 4 லட்சம் பாட் நிரந்தரமாக முடங்கிவிடும். வைப்புக்குப் பதில் மாதம் 65,000 பாட் வருமானமும் காட்டலாம். திருமண அடிப்படைக்கு 4 லட்சம் பாட் வைப்பு அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் போதும், வயது வரம்பும் இல்லை. அனுமதி முத்திரை விழுந்தபின் அந்தப் பணத்தைச் செலவு செய்யலாம். அடுத்த விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பு மறுபடி நிரப்பினால் சரி. வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் திருமண நீட்டிப்போடு ஒர்க் பர்மிட் வாங்க முடியும். ஓய்வுக்கால நீட்டிப்பில் வேலைக்கே இடமில்லை.

கேட்டால் திருமண வழிதான் லாபம் என்று தோன்றும். ஆனால் காகிதக் கட்டு இரண்டு மடங்கு, வீட்டுக்கு அதிகாரிகள் வரலாம், முடிவு கைக்கு வர ஒரு மாதம் ஆகும். ஓய்வுக்கால வழியில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ முத்திரை கிடைத்துவிடும். 8 லட்சம் கையில் இருந்து, அது முடங்கினாலும் பரவாயில்லை என்பவருக்கு ஓய்வுக்கால வழியையே சொல்வோம். மற்றவர்களுக்குத் திருமண வழி. இனி வருவது பெரும்பாலும் அதைப் பற்றியது.

இன்னொன்று: இந்த 4 லட்சம் நிபந்தனை தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவருக்காக எழுதப்பட்டது. தாய்லாந்து ஆணை மணந்த வெளிநாட்டு மனைவிக்கு அது அப்படியே பொருந்தாது. எதைக் காட்ட வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 90 நாள் விசாவை ஊரிலிருந்தே தாய்லாந்தின் இ-விசா தளத்தில் கேட்டு வாங்கி வருவது நல்லது. சுற்றுலா விசாவில் வந்து உள்ளேயே மாற்றலாம், அதற்கு டி.எம்.86 படிவம், விசா இல்லாமல் வந்தவர்களுக்கு டி.எம்.87, கட்டணம் 2,000 பாட். ஆனால் கையில் குறைந்தது 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும், பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்குச் சான்றும் வேண்டும். விமானம் ஏறும் முன் டிஜிட்டல் வருகை அட்டையை மறக்காதீர்கள். 2025 மே 1 முதல் இது கட்டாயம். வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

விண்ணப்பங்கள் அதிகம் தட்டிப்போவது பணக் கணக்கில்தான். ஜூன் 1 அன்று இறங்கினால் வந்த நாளையும் சேர்த்து 90 நாள், ஆகஸ்ட் 29 வரை. ஜூன் 10 அன்று 4 லட்சம் கணக்கில் ஏறினால் ஆகஸ்ட் 10 அன்று 2 மாதம் நிறையும். விண்ணப்பிக்க 19 நாள் கிடைக்கும். வங்கிக் கணக்கு திறப்பதற்கு அலைந்து ஜூலை 5 அன்று பணம் வந்தால் 2 மாதம் முடியும்போது உங்கள் 90 நாள் போய்விட்டிருக்கும். ஆகவே இறங்கிய வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை வங்கிக் கணக்கு. ஒரு கிளையில் மறுத்தால் அதே வங்கியின் வேறு கிளைக்குப் போங்கள், மனைவியையும் அழைத்துப் போங்கள். இமிக்ரேஷன் தரும் வசிப்பிடச் சான்று கையில் இருந்தால் வேலை சுலபம்.

கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். மனைவியோடு கூட்டுக் கணக்கு செல்லாது. 4 லட்சத்தைத் துல்லியமாகப் போட்டுவைப்பதும் வம்பு: ஏடிஎம் கார்டுக்கான ஆண்டுக் கட்டணம் சில நூறு பாட் பிடித்தால் இருப்பு 3,99,700 என்று ஆகும், அந்த 2 மாதம் வீண். 10,000 பாட் கூடுதலாக வையுங்கள், அந்தக் கணக்கில் வேறு செலவு செய்யாதீர்கள். வருமான வழியில் போகிறவர்கள் மாதம் 40,000 பாட் வெளிநாட்டிலிருந்து வந்ததை 12 மாத வங்கிப் பதிவில் காட்ட வேண்டியிருக்கும். அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019 முதல் வருமானச் சான்று தருவதில்லை. பரிமாற்றச் செயலிகள் சில நேரம் பணத்தை உள்ளூர்ப் பரிமாற்றமாகப் போட்டுவிடும். பாஸ்புக்கில் அது வெளிநாட்டு வரவாகத் தெரியாது. முதல் மாதமே பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள்.

அடுத்தது திருமணக் காகிதம். தாய்லாந்தில் பதிந்த திருமணம் என்றால் கோர் ரோர் 3 என்பது சான்றிதழ், கோர் ரோர் 2 என்பது பதிவேட்டின் நகல். இந்தக் கோர் ரோர் 2 ஒவ்வோர் ஆண்டும் அம்ப்பூர் (வட்டார நிர்வாக) அலுவலகத்தில் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். திருமணம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம். போன வருட நகலோடு போனால் அன்றைய பயணம் வீண்.

வெளிநாட்டில் பதிந்த திருமணம் என்றால் சுற்று நீளம். சான்றிதழுக்கு அந்த நாட்டு வெளியுறவுத் துறையின் சான்றொப்பம், அங்குள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் சான்றொப்பம், தாய் மொழிபெயர்ப்பு, பாங்காக் செங் வத்தனாவில் உள்ள வெளியுறவு அமைச்சகப் பிரிவில் மொழிபெயர்ப்புக்குச் சான்றொப்பம், கடைசியாக அம்ப்பூரில் குடும்ப நிலைப் பதிவு. அந்தப் பதிவுக்குப் பெயர் கோர் ரோர் 22. மொழிபெயர்ப்பில் நம் பெயர்கள் படாத பாடு படும். அப்பா பெயர் சர்நேம் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலி. ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் தாய் எழுத்தில் எழுதிவிடுவார்கள். முதல் ஆவணத்தில் அமைந்த தாய் எழுத்துக்கூட்டலைக் காட்டி, எல்லாவற்றிலும் அதையே போடச் சொல்லுங்கள்.

விண்ணப்ப நாளில் மனைவி கூட வந்தே ஆக வேண்டும். டி.எம்.7 படிவம், 4க்கு 6 செ.மீ. புகைப்படம், 1,900 பாட் கட்டணம். பாஸ்போர்ட்டின் முகப்பு, விசா, கடைசி நுழைவு முத்திரைப் பக்கங்கள். வங்கிக் கடிதம், அன்று காலையிலேயே ஒரு சிறு தொகையைச் செலுத்தியோ எடுத்தோ பதிந்த பாஸ்புக். மனைவியின் அடையாள அட்டை, 'தபியன் பான்' எனும் வீட்டுப் பதிவேடு, நீங்கள் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் அறிவித்த டி.எம்.30 ரசீது, வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம். புகைப்படங்களில் இருவரும் சேர்ந்து இருக்க வேண்டும்: வீட்டு எண் தெரிய வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. படுக்கையறைப் படம் கேட்கிறார்களே என்று கூச வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். எல்லாம் இரண்டு செட். நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் உரியவர் கையெழுத்து. சில அலுவலகங்கள் அக்கம்பக்கத்துச் சாட்சி ஒருவரையும் கேட்கும், ஆகவே முன்கூட்டியே போய் அவர்களுடைய பட்டியலை வாங்கி வாருங்கள்.

மனைவியின் பெயர் வேறு மாகாணத்து வீட்டுப் பதிவேட்டில் இருந்து, நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் ஆவண நகல்களும் சேர்க்க வேண்டும்.

கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓராண்டு எண்ணப்படுவது பழைய கெடு முடியும் நாளிலிருந்துதான், முன்னதாகப் போவதால் நாள் நஷ்டமில்லை. முதலில் 'பரிசீலனையில்' என்ற முத்திரையும் சுமார் 30 நாள் கழித்து வரச்சொல்லும் தேதியும் தருவார்கள். அந்த இடைவெளியில் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து படம் எடுக்கலாம், பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம். ஆகவே அந்த மாதம் வெளிநாட்டுப் பயணம் வேண்டாம், வங்கிப் பணத்தையும் தொட வேண்டாம்.

ஓராண்டு முத்திரை விழுந்தபின் பெரிய இழப்பு ஒன்றிலிருந்துதான் வரும்: ரீ-என்ட்ரி பர்மிட் (திரும்பி நுழைவதற்கான அனுமதி) இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த நீட்டிப்பு அங்கேயே செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. டி.எம்.8 படிவத்தில் ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. பிறகு 90 நாளுக்கு ஒருமுறை டி.எம்.47-இல் முகவரி அறிவிப்பு. கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட் அபராதம். வெளிநாடு போய் வந்தால் அந்த 90 நாள் புதிதாக எண்ணப்படும். தங்கும் கெடு தாண்டினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000.

விவாகரத்தானாலோ மனைவி இறந்தாலோ திருமண அடிப்படையில் மறுபடி நீட்டிக்க முடியாது. அப்போது 50 வயது தாண்டியவருக்கு ஓய்வுக்கால அடிப்படை இருக்கிறது; ஆனால் 8 லட்சம் 2 மாதம் முன்பே கணக்கில் இருந்தாக வேண்டும். மீதி 4 லட்சத்தை எந்த நாட்டு வங்கியில் வைத்திருந்தாலும், அதை எத்தனை நாளில் தாய்லாந்துக் கணக்குக்குக் கொண்டுவர முடியும் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.